காதுக்குள் வரும் கட்டளை

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். தென்மேல் பருவக்காற்றில் பெரும்பாலும் தென்மேற்கு நோக்கிய 22 பக்கம், வடகீழ்க் காற்றில் வடகிழக்கு நோக்கிய 04 பக்கம். காற்று திரும்பும் நேரம், டக்ஸி செய்துகொண்டிருக்கும் (தரையில் ஓடுபாதையை நோக்கி நகரும்) விமானத்துக்கு "ஓடுபாதை மாற்றம்" என்று சொல்வது கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஒரு வசனம். விமானிக்கோ கணினியில் புறப்பாட்டுப் பாதையை மாற்ற வேண்டும், வி1 (புறப்பாட்டை நிறுத்த முடிவெடுக்கக்கூடிய கடைசி வேகம்) முதலான வேகங்களைத் திரும்பக் கணக்கிட வேண்டும், இறக்கையின் ஃபிளாப் மடிப்பு அளவைப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் சரிபார்த்துப் பேச வேண்டும். அவசரப்படுத்தினால் பிழை நுழைவது இங்கேதான். நின்று முடிப்பதே சரி: "தயாரில்லை, காத்திருக்கிறோம்" என்று சொல்ல விமானிக்கு முழு உரிமை உண்டு.

இறங்கும்போது இன்னொரு சிக்கல். "வேகத்தைக் குறை, சீக்கிரம் கீழே வா" என்று கட்டுப்பாட்டாளர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஜெட் விமானத்துக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்வது கடினம். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும். எது முதலில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தரிப்பிடத்தில் புஷ்பேக் (விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்) அனுமதி வரும்போது மூக்கு எந்தத் திசை, வால் எந்தத் திசை என்பது தெளிவில்லாவிட்டால் இழுவை வண்டி ஓட்டுநரும் குழம்புவார். பிறகு அடுத்த விமானத்தின் வழியும் அடைபடும்.

1977இல் தெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்தில் 583 பேர் இறந்த பிறகுதான் "டேக்-ஓஃப்" (புறப்பாடு) என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ ரத்துச் செய்யும்போதோ மட்டும் சொல்வது வழக்கமானது. வெறும் "ரோஜர்" (கேட்டுக்கொண்டேன்) போதாது, கட்டளையை முழுதாகத் திருப்பிச் சொல்லுங்கள்.