செத்துப்போக வேண்டிய பாக்டீரியா

"உன்னுடைய செத்த பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, வந்து பார்." காலையில் ஆய்வகத் தோழி அனுப்பிய செய்தி இவ்வளவுதான். போய்ப் பார்த்தால், 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். அந்தத் தட்டுக்கு என் கணினி மாடல் சொல்லியிருந்த வளர்ச்சி வேகம் பூஜ்யம்.

நான் படித்தது இயற்பியல். பயாலஜிக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சோதனைக்கு முன்னால் எண் சொல்பவர்கள் குறைவு. முடிவு வந்த பிறகு அழகான விளக்கம் வரும். நேர்மாறாக வந்திருந்தாலும் அதே அழகோடு ஒன்று வந்திருக்கும். (இயற்பியல்காரர்களின் வழக்கமான திமிர் இது, தெரியும். உடலியல் ஆய்வாளர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-லேயே ஊசிக் கணவாயின் நரம்பில் துடிப்பு ஓடும் வேகத்தைக் கைப்பிடி சுற்றும் இயந்திரத்தில் கணக்கிட்டு வினாடிக்கு 18.8 மீட்டர் என்றார்கள். அளந்தது 21.2.)

செல்லை ஒரு முழு அமைப்பாகக் கணக்கில் பிடிக்கப் பார்க்கும் சிஸ்டம்ஸ் பயாலஜி என்னை இழுத்தது இந்த எண் ஆசையால்தான். இ. கோலி பாக்டீரியாவுக்குள் நடக்கும் வேதிவினைகளை எல்லாம் ஒரு பெரிய கணக்குப் புத்தகமாக எழுதிக்கொள்கிறோம். ஒவ்வொரு பொருளும் உண்டாவதும் செலவாவதும் சமமாக இருக்க வேண்டும். குளுக்கோஸ் உள்ளே வரும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டு, அதிகபட்சம் எவ்வளவு வளர முடியும் என்று கேட்டால் வரம்புகளுக்குள் அதிகபட்சத்தைத் தேடும் கணித முறையான லீனியர் புரோகிராமிங் பதில் சொல்லிவிடும். ஒரு ஜீனை நீக்கினால் என்ன ஆகும்? அதன் வினையை மூடிவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். 2000-இல் எட்வர்ட்ஸும் பால்சனும் இப்படிச் சரிபார்த்த 79 கணிப்புகளில் 68 சோதனையோடு ஒத்துப்போயின.

என்னை மயக்கியது 2002-இல் வந்த கிளிசரால் ஆய்வு. கிளிசராலை உணவாகக் கொடுத்தபோது இ. கோலி, மாடல் சொன்னதைவிட மெதுவாகத்தான் வளர்ந்தது. சரி, மாடல் தப்பு என்று மூடி வைக்காமல், அதே கிளிசராலில் சுமார் 40 நாள், ஏறக்குறைய 700 தலைமுறை, வளர்த்துக்கொண்டே போனார்கள். பாக்டீரியா மெல்ல மெல்ல மாறி, மாடல் போட்டிருந்த கோட்டில் வந்து நின்றது!

என் தட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நீக்கியிருந்தது ஆர்க்ஐ என்ற ஜீன். அர்ஜினின் (புரதம் கட்ட செல்லுக்குத் தேவையான அமினோ அமிலம்) தயாரிப்பில் ஒரு படிக்கான நொதியைக் கொடுப்பது. தட்டில் அர்ஜினின் கிடையாது, குளுக்கோஸும் உப்புகளும்தான். செல் செத்தாக வேண்டும். இரண்டு நாள் மாடலின் கணினிக் கோப்பு முழுவதையும் குடைந்த பிறகு அகப்பட்டது. கே-12 என்ற ஆய்வக வகை இ. கோலியில் அதே வேலைக்கு ஆர்க்எஃப் என்று இன்னொரு ஜீனும் உண்டு. இரண்டின் புரதங்களும் கலந்து மூன்று மூன்றாகச் சேர்ந்து நொதியாகும் என்று படித்திருந்தேன். அதனால் மாடலில் இரண்டு ஜீனும் வேண்டும் என்று நடுவில் "மற்றும்" போட்டுவிட்டேன். ஆனால் ஒரே ஜீனின் புரதங்கள் மட்டும் சேர்ந்தாலும் நொதி வேலை செய்யும். போட வேண்டியது "அல்லது". ஒரே ஒரு சொல்.

தோழி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் இரண்டு ஜீனையும் நீக்கிய செல்லை வைத்தோம். தட்டு துடைத்துவிட்டது போல வெறுமை. அர்ஜினின் சேர்த்த தட்டில் நன்றாக வளர்ந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம். தட்டு இன்குபேட்டருக்குள் போகும் முன் மாடலின் எண்ணை நோட்டில் பேனாவால் எழுதுவேன்; பக்கத்தில் அவள் கையெழுத்து. பிறகு பேச்சை மாற்ற முடியாது.

"சாகும்" என்று சொல்லி வாழ்ந்துவிட்டால் பெரும்பாலும் நான் விட்டுவிட்ட மாற்றுப் பாதை ஒன்று கிடைத்துவிடும். "வாழும்" என்று சொல்லிச் சாவதுதான் தலைவலி. பாதை இருக்கிறது என்று மாடலுக்குத் தெரியும்; அந்த ஜீனைச் செல் அந்த நேரத்தில் அணைத்து வைத்திருக்கிறதா என்பது அந்தக் கணக்குப் புத்தகத்தில் எங்குமே இல்லை. நோட்டில் அப்படி மூன்று வரிகள் இப்போது சிவப்பு வட்டத்தோடு கிடக்கின்றன. நாளை முதல் வரிக்கான தட்டை மறுபடி வைக்கிறோம், இந்த முறை குளுக்கோஸுக்குப் பதில் கிளிசராலில். எண் எழுதியாகிவிட்டது: பூஜ்யம் இல்லை.