குணுக்கு

என் அப்பாவைப் பெற்ற ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அவருடைய காதுகள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தனவாம். கைக்குழந்தையிலேயே காது குத்தி, பஞ்சைத் திரித்து வைத்துத் துளையை அகலமாக்கி, பிறகு குணுக்கு என்னும் ஈய வளையங்களை மாட்டிச் சிறிது சிறிதாக இழுத்து வளர்த்த காதுகள் அவை. காது வடிக்காத பெண்ணுக்குத் தம் ஊரில் மாப்பிள்ளை அமையாது என்று ஆச்சி சொல்வார். பாம்படம் என்னும் கனத்த காதணியைப் பூட்டியிருந்த அதே காதுகளை, அத்தையின் திருமணம் நெருங்கியபோது, சம்பந்தி வீட்டார் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்கள் என்று சொல்லி, பெற்ற மகன்களே அவரை மலையிலிருந்து கீழே அழைத்துச் சென்று அறுத்துத் தைக்கச் செய்தார்கள். இரண்டு முறையும் ஆச்சியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் சித்தப்பா மகள் மூக்கைத் திருத்திக்கொள்ள முடிவு செய்து, துணைக்கு என்னை அழைத்தபோது ஆச்சியின் காதுத் தழும்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவளைப் பெண் பார்க்க மூன்று இடங்களிலிருந்து வந்தார்கள். மலையில் வளர்ந்த பெண் சிவப்பாக இருப்பாள் என்று நினைத்தோமே என்றது ஒரு வீடு; படிப்பும் குணமும் சரி, மூக்குதான் சப்பை என்று தரகரிடம் சொல்லியனுப்பியது இன்னொரு வீடு. மூக்கெலும்பை உடைத்துப் பொருத்த வேண்டியிருக்கும், ஒரு வாரம் கட்டு இருக்கும், வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டுகூட ஆகலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் விளக்கினார். அவள் கேட்ட ஒரே கேள்வி, தை மாதத்துக்குள் வெளியில் தெரியாத அளவுக்கு ஆகிவிடுமா என்பதுதான்.

இந்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. கிழிந்த காது மடலை ஒட்ட 15 முறைகளையும், அறுபட்ட மூக்கைக் கன்னத்துச் சதையால் மீட்கும் வழியையும் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை சொல்கிறது. புனே அருகே ஒருவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்த பிறகே, 1814இல் கார்ப்யூ என்ற மருத்துவர் இங்கிலாந்தில் அதைச் செய்துபார்த்தார். அவையெல்லாம் மூக்கை இழந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. என் தங்கையின் மூக்கு மூச்சு விட்டது, மணம் அறிந்தது, எங்கள் தாத்தாவின் மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது.

அவளையும் நான் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் கத்தி படுவதற்கு வெகுநாள் முன்பே அந்த மூக்கைப் பலருடைய வாய்கள் அறுத்துவிட்டிருந்தன. அந்த வாய்கள் எல்லாம் அயலாருடையவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்குப் பெண் பார்க்கக் குன்னூர் போய்விட்டுத் திரும்பும் வழியில், "பல் கொஞ்சம் எடுப்பு" என்று பேச்சைத் தொடங்கியவள் நான்தான்; அந்தச் சொல்லும் தரகர் வழியாக அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.