வராத கிட்டாரும் போன அட்வான்ஸும்

கிட்டாரில் தோடி ராகம் வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காந்தாரச் சுரத்தை அசைக்கும்போது விரல்நுனி மரத்தில் உரசும். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன, விரலுக்கு அடியில் இடம் இருக்கிறது. தந்தியை அழுத்தி இழுத்தால் சுரம் ஏறிக்கொண்டே போகும். சாதாரண கிட்டாரில் அந்த இடம் இல்லை. அதனால் இரண்டு பிரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் மெட்டுகளுக்கு, நடுவிலுள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்து எடுப்பார்கள். ஸ்காலப் என்பார்கள். 1970களில் சக்தி இசைக்குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டார் இப்படிக் குடையப்பட்டதுதான். கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து கொடுத்தது. அதன் ஒலித்துளையின் மேல் சாய்வாக ஏழு சுருதித் தந்திகளும் ஓடும்.

கடையில் இந்த மாதிரி கிடைப்பது குறைவு. ஃபெண்டரின் மால்ம்ஸ்டீன் மாடல் முழுக்கக் குடைந்தது. ஐபனெஸ் ஜெம் மாடலில் கடைசி நாலு பிரெட் மட்டும். இரண்டுமே ராக் வாசிக்கிறவர்களை நினைத்துச் செய்தவை. எனக்கு வேண்டியது பலாமர பாடி, உள்ளே பாதி வெற்றிடம், கொஞ்சம் அகலமான நெக் (கழுத்து), 24 பிரெட்டுக்கும் குடைந்த ரோஸ்வுட் பிரெட்போர்டு (விரல் பதியும் பலகை). கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவன் கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு தனி ஆள்தான் வேண்டும். அப்படி ஒருவர் கொங்குப் பக்கம் இருந்தார். பெயரும் ஊரும் எழுதவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

விலை 1,20,000 ரூபாய். பாதி அட்வான்ஸ். எட்டு மாதத்தில் தருவதாகச் சொன்னார். அந்த எட்டு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று வாட்ஸப்பில் கேட்டேன். "தை மாசத்துலண்ணே, ஜனவரி 31க்குள்ள கைல இருக்கும்" என்று பதில் வந்தது. இந்த ஒரு வரிதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

முதல் மூன்று மாதம் படங்கள் வந்தன. பலகை, வெட்டின பாடி, நெக் வளையாமல் தாங்கும் கம்பியான ட்ரஸ் ராடுக்குப் பறித்த பள்ளம். பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரும் இடத்துக்குக் கீழே ஒரு முடிச்சு இருந்தது, மாங்கொட்டை வடிவில், பாதி கறுப்பாக. அந்த முடிச்சு எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அப்புறம் படம் குறைந்தது. மழை, மரம் ஈரம் வாங்குகிறது, மேலே அடித்த லாக்கர் பூச்சு காயவில்லை, கரண்ட் இல்லை.

இவற்றைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. காற்றில் காயவைக்கும் மரத்துக்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஈரம் போகாத மரத்தில் நெக் செய்தால் தந்தி மாட்டிய ஆறே மாதத்தில் வளையும். நைட்ரோ லாக்கர் அடித்தால் அது இறுக வாரக்கணக்கில் விட வேண்டும். அவசரப்படுத்தி வாங்கிய கிட்டாரைவிட நாலு மாதம் தாமதமாக வந்த கிட்டார் எவ்வளவோ மேல். தாமதம் என்பதாலேயே யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நான் தயாரில்லை.

என்னை உலுக்கியது வேறு. கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் குழுவில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன், தன்னுடைய புது கிட்டார் தயாராகிறது என்று ஒரு படம் போட்டான். பலாமர பாடி. பிரிட்ஜுக்குக் கீழே மாங்கொட்டை முடிச்சு, பாதி கறுப்பு. என்னிடமிருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். ரேகைக்கு ரேகை ஒன்றுதான். ஒரே பாடி, இரண்டு சொந்தக்காரர்கள்.

நேரில் போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. சுவரில் ஆணியில் நெக்குகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதியிருந்தது. என் பெயரும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். குடைவு முதல் ஐந்து பிரெட் வரை முடிந்திருந்தது, ஓரம் கையில் குத்தாமல் அழகாக உருட்டி, உப்புத்தாள் போட்டு. அந்த ஐந்து குழியைத் தடவிப் பார்த்தபோது இவர் கை எப்படிப்பட்ட கை என்று புரிந்தது. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

"அண்ணே, உங்க காசு எங்கயும் போகலண்ணே. ராஜபாளையத்துக்காரர் கிட்டாருக்கு பிக்கப்பும் ட்யூனரும் வாங்கினேன். அவரு ரெண்டு வருசமா நிக்கிறாரு."

"அப்ப எனக்கு பிக்கப் எப்படி வாங்குவீங்க தம்பி?"

"பெங்களூர் பார்ட்டி ஒண்ணு வருதுண்ணே. அட்வான்ஸ் போட்டதும் உங்களுதுதான்."

மறைக்காமல் சொன்னார், கணக்கு நோட்டையும் காட்டினார். ஏலச்சீட்டில் முன்னால் எடுத்தவனுக்குப் பின்னால் கட்டுகிறவன் பணம் போவது போல, புதிதாக வருகிறவன் கொடுக்கும் அட்வான்ஸில் பழைய ஆளின் கிட்டார் முடிகிறது. சீட்டிலாவது கடைசி ஆள் யாரென்று தெரியும். இங்கே ஆர்டர் ஒரு மாதம் நின்றால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கிட்டார் கிடையாது. ஒரு ஆள் பட்டறை மாதம் ஒன்றுக்கு மேல் முடிக்க முடியாது. ஆர்டரோ மாதம் இரண்டு மூன்று எடுத்திருக்கிறார். ஏனென்றால் வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் அட்வான்ஸில்தான் நடக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனி ஆளாகக் கிட்டார் செய்து, நல்ல பெயர் எடுத்து, ஆர்டர் குவிந்து, பிறகு போனை எடுக்காமல் போனவர்களின் கதையும் பெரும்பாலும் இதேதான். ஆரம்பத்தில் அவர்களிடம் திருட்டு எண்ணம் இருந்திருக்காது. ஆனால் காசு கொடுத்தவனுக்கு அதனால் என்ன ஆறுதல்?

போலீசுக்குப் போகலாம் என்று பலர் சொன்னார்கள். போனால் "இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அதில் சட்டப்படி ஒரு நியாயம் உண்டு. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும், சொன்னபடி செய்யவில்லை என்பது மட்டும் போதாது. ஒரே பாடியை இரண்டு பேருக்குக் காட்டியது அந்த எண்ணத்துக்குச் சாட்சி ஆகலாம். ஆனால் என் அட்வான்ஸ் வாங்கியபோது மரம்கூட வெட்டவில்லையே.

நுகர்வோர் ஆணையம்தான் இதற்கு நேர்வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம், செய்பவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் போகலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிந்து பார்க்கலாம், சிலர் அந்த அழைப்புக்கே இறங்கி வருவார்கள். கச்சேரிக்குக் காசு வாங்குகிற ஆள் எப்படி நுகர்வோர் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்குவதை வணிக நோக்கம் என்று சட்டம் பார்ப்பதில்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் இரண்டு வருடக் கெடு இருக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். கிட்டார் விஷயத்தில் அந்த நாள் எது? "ஜனவரி 31" என்று என்னிடம் எழுத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர்த் தம்பியிடம் இருப்பது "சீக்கிரம் முடிச்சிடலாம் ப்ரோ" மட்டும். அவன் பணம் அனுப்பி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எப்போது ஏமாந்தான் என்று அவனாலேயே ஒரு தேதியைச் சொல்ல முடியவில்லை. "அடுத்த வாரம்" என்று பதில் வருகிறவரை நாம் மரியாதைக்காகக் காத்திருக்கிறோம், கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது என்னை வருத்துகிற அளவுக்கு வேறெதுவும் வருத்தவில்லை. நல்ல மனிதர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். கலைஞனை நெருக்கக்கூடாது என்று இருந்துவிடுகிறார்கள்.

பணம் எந்த வழியில் போனது என்பதும் முக்கியம். யூபிஐயில் போட்டது போட்டதுதான், பொருள் வரவில்லை என்று வங்கி திருப்பித் தராது. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. விசா கார்டில், தருவதாகச் சொன்ன தேதியிலிருந்து 120 நாள், எப்படியானாலும் பணம் கட்டியதிலிருந்து 540 நாளுக்குள். இங்கேயும் "சொன்ன தேதி" எழுத்தில் வேண்டும். வெளிநாட்டில் ஆர்டர் போடுகிறவர்கள் பேபால் என்ற இணையப் பணச்சேவையை நம்புகிறார்கள். அதில் 180 நாளுக்குள் முறையிட வேண்டும். கையால் செய்யும் கிட்டாருக்கோ ஒரு வருடம் என்பது சாதாரணம். மரத்தை வெட்டி முடிப்பதற்குள் பாதுகாப்பு முடிந்துவிடும். கமிஷன் மிச்சம் என்று நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் போடச் சொன்னால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. லண்டனில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம், 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தால்கூட கார்டு நிறுவனமும் பொறுப்பு.

நான் செய்தது இது. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, நோட்டீஸ் அனுப்பினேன். ஜனவரி 31 என்று அவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு, முப்பது நாளில் கிட்டார் அல்லது பணம் என்று கேட்டேன். நோட்டீஸ் கிடைத்த அன்றே போன் செய்தார். கிட்டார் முடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பணமாகவே கேட்டேன். மாதம் 10,000 வீதம் ஆறு தவணை, பின்தேதியிட்ட காசோலைகளாக. கூடவே ஒன்று எழுதி வாங்கினேன்: சுவரில் தொங்கும் நெக்குகள் முடியும்வரை புது அட்வான்ஸ் வாங்குவதில்லை. பதிலுக்கு நான் அவர் பெயரை வெளியே எழுதுவதில்லை. இதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். பெயர் போட்டால் நாலு பேர் தப்பிப்பார்கள் என்பது சரிதான். ஆனால் பெயர் வெளியே வந்த அன்றே எல்லா வருமானமும் நின்று, ராஜபாளையத்துக்காரர் உட்பட வரிசையில் நிற்கிற அத்தனை பேரின் பணமும் போய்விடும். புது ஆள் சிக்காமல் இருக்க வேண்டும், பழைய ஆளுக்குக் கிட்டாரும் போக வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்கு அந்தத் தாள்தான் வழி. அதை அவர் மீறினால் என் வாக்கும் அதோடு முடிந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். என் நிபந்தனைகளைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை. மரத்துக்கு மட்டும் முதல் பணம், மரம் என் பெயரில் பில். பிக்கப், ட்யூனர், பிரிட்ஜ் எல்லாம் நானே வாங்கிக் கொடுக்கிறேன். நெக் முடிந்து குடைவைத் தடவிப் பார்த்த பிறகு கூலியில் ஒரு பங்கு, தந்தி மாட்டி வாசித்த பிறகு மீதி. தேதி தாளில். "இப்படிக் கொடுத்தா எனக்கும் நிம்மதி சார், அடுத்தவன் காசை நான் தொட வேண்டியதில்ல" என்றார். செய்கிறவருக்கும் இது நல்லதுதான் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு நாலு காசோலை பணமாகிவிட்டது. கோயம்புத்தூர்த் தம்பி சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவனுக்குத் தவணைகூடத் தரவில்லை அவர். அங்கேயே மாவட்ட ஆணையத்தில் புகார் போட்டுவிட்டான். முடிச்சு தெரியும் என் படத்தையும், அது எனக்கு வந்த தேதியோடு இருக்கும் வாட்ஸப் உரையாடலையும் கொடுத்திருக்கிறேன். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழையும் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அவன் வக்கீல். போனை மாற்ற நினைத்திருந்தேன், வழக்கு முடியும்வரை பழையதையே வைத்துக்கொள்கிறேன். முதல் விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.