ஒரு வருட நிலா, பிக்சல் கணக்கில்

நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தூரத்தில் அது நிற்பதே இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை அந்த எண்ணைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் 3,56,000 சொச்சத்துக்கும் 4,06,000 சொச்சத்துக்கும் நடுவே போவதும் வருவதுமாகவே இருக்கிறது. 2025 முழுக்க, மேகம் விட்டுக்கொடுத்த இரவுகளில், ஒரே கேமரா, ஒரே லென்ஸ் வைத்து நிலாவைப் படமெடுத்தேன். வட்டத்தின் விட்டத்தைப் பிக்சலில் அளந்து, இந்தப் போக்குவரத்தை நாமே ஒரு வரைபடமாகப் போட முடியுமா என்பதுதான் கேள்வி. முடிகிறது. ஆனால் கூடவே தெரியவந்த மற்ற சங்கதிகளைப் பார்த்தால், அளவு வித்தியாசம்தான் இதில் சுவாரஸ்யம் குறைந்த பகுதி என்பேன்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ், ஒரு முக்காலி. ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருப்பி டேப் ஒட்டிவிட்டேன், வருடம் முழுக்க நகரக் கூடாது என்று. லென்ஸில் 300 என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது, அது உத்தேச அளவு. வானத்தில் துல்லியமாகத் தெரிந்த ஓர் இடைவெளி வேண்டும். அதற்கு ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைவாரில் உள்ள இரண்டு முனை விண்மீன்கள் வசதி. மின்டாகாவுக்கும் அல்நிடாக்குக்கும் இடையே 2.74 டிகிரி. என் படத்தில் அது 3590 பிக்சல் வந்தது. அப்படியென்றால் ஒரு பிக்சலுக்கு 2.745 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்), லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 293 மி.மீ. பக்கம்.

நிலாவின் விட்டம் 3474.8 கி.மீ. இதையும் மேலே சொன்ன பிக்சல் அளவையும் சேர்த்தால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: 26 கோடியே 11 லட்சத்தைப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால் கேமராவிலிருந்து நிலாவுக்கு உள்ள தூரம் கிலோமீட்டரில். வேறு லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை கண்டுபிடித்துக்கொண்டால் போதும்.

விட்டத்தை எப்படி அளப்பது என்பதில்தான் பொறுமை வேண்டும். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் நிலாவின் விளிம்பு கோடாக இருக்காது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நாலைந்து பிக்சலில் மெல்ல இறங்கும். அதில் பாதி வெளிச்சம் உள்ள இடத்தைத்தான் விளிம்பு என்று எடுத்துக்கொண்டேன். எக்ஸ்போஷர் கூடினால் அந்தச் சரிவு வெளியே தள்ளி, நிலா கொழுத்துவிடும். அதனால் பௌர்ணமிப் படங்கள் எல்லாம் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/250 விநாடி என்று ஒரே அளவு. பிறை நாட்களில் ஒளிரும் வில்லின் மேல் புள்ளிகள் வைத்து, அவற்றின் வழியாக ஒரு வட்டம் பொருத்தினேன். நிழல் பக்க விளிம்பைத் தொடவே கூடாது, அது நிலாவின் விளிம்பு அல்ல. இத்தனைக்குப் பிறகும் முன்பின் 2 பிக்சல் தவிர்க்க முடியாது. தூரத்தில் அது 1,000 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அப்போலோ 11, 14, 15 பயணங்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து, நிலா வருடத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது என்று அளக்கிறார்கள். நம்முடையது வேறு ஆட்டம்.

முக்கியமான இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 13 பௌர்ணமி, 651 பிக்சல். நவம்பர் 5 பௌர்ணமி, 743 பிக்சல். 14 சதவீத வித்தியாசம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. வெறும் வானத்தில் பார்த்து, இது ஏப்ரல் நிலாவைவிடப் பெரிது என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

வகுத்துப் பார்த்தால் நவம்பருக்கு 3,51,400 கி.மீ. வருகிறது. வானியல் அட்டவணையோ 3,56,900 என்கிறது. அட்டவணை பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகிறது, கேமரா பூமியின் மேல்பரப்பில் நிற்கிறது. நிலா உயரத்தில் இருக்கும்போது நாம் அதற்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் அருகில் இருக்கிறோம். நிலா அப்போது 60 டிகிரி உயரத்தில் இருந்தது. பூமியின் ஆரம் 6378 கி.மீ., அதை 60 டிகிரியின் சைனால் பெருக்கினால் 5,500. கூட்டினால் அட்டவணை எண் கைக்கு வந்துவிடுகிறது. ஏப்ரலும் அப்படித்தான், 4,06,000-ல் போய் நின்றது.

இந்தத் திருத்தத்தைப் பார்த்ததும் நவம்பர் 5 அன்று உதயத்தின்போதே எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்தேன். அடிவானத்தை ஒட்டியிருந்த நிலா கண்ணுக்குப் பிரம்மாண்டமாக இருந்தது. கிடைவாட்டில் அளந்தால் 731. நள்ளிரவு வாக்கில் மேலே ஏறிச் சின்னதாகத் தெரிந்த அதே நிலா 743. பெரிதாகத் தெரிந்தபோதுதான் அது சிறியது! கண் ஏமாறுகிறது என்று எத்தனையோ இடத்தில் படித்ததுதான், ஆனாலும் சொந்தப் படத்தில் 12 பிக்சலாகப் பார்ப்பது தனி. உதயத்தின்போது செங்குத்து விட்டத்தை அளக்கக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிவானத்தில் வளிமண்டலம் நிலாவின் கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டும். அதனால் நிலா கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு அமுங்கி நீள்வட்டமாகத் தெரியும்.

எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டபோது ஒழுங்கான அலை ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். சேய்மைப் பக்கம், அதாவது நிலா மிகத் தொலைவுக்குப் போகும் இடங்களில், அப்படித்தான், எல்லா உச்சங்களும் 4,04,000-க்கும் 4,06,700-க்கும் நடுவே ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. அண்மைப் பக்கம்தான் ஏறி இறங்குகிறது. ஜனவரி 8-ல் நிலா 3,70,000 கி.மீ.க்குள் வராமலேயே திரும்பிவிட்டது. ஏப்ரல் 27-ல் 3,57,000 வரை வந்தது. ஆகஸ்டில் மறுபடி 3,69,000, நவம்பர் 5-ல் 3,56,800. காரணம் சூரியன். நிலாவின் நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சு சூரியனை நோக்கி இருக்கும்போது பாதை இன்னும் நீண்டு, அண்மைப் புள்ளி உள்ளே தள்ளிப் போகிறது. அச்சு குறுக்கே இருக்கும்போது பாதை கொஞ்சம் வட்டமாகிவிடுகிறது. அதனால் மிக நெருங்கிய வருகை எப்போதும் பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டித்தான் வரும். அரைநிலா நாளில் அண்மைப் புள்ளி வந்தால் அது சுமாரான அண்மைதான்.

ஏப்ரல் 27 அமாவாசை. வருடத்தின் மிக நெருங்கிய வருகைகளில் ஒன்று, படமெடுக்க ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து மாலையில் மெல்லிய பிறையைப் பிடித்து வட்டம் பொருத்தியதில் அது இன்னும் பெரிதாகவே இருந்தது. அத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. இந்த மாதிரி அமாவாசை அண்மைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பாவம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிலா அருகில் இருக்கையில் வேகமாகவும் தொலைவில் இருக்கையில் மெதுவாகவும் ஓடுகிறது. அண்மையில் ஒரு நாளைக்கு 15 டிகிரி, சேய்மையில் 12 டிகிரி அளவு. கெப்ளரின் இரண்டாம் விதியைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இதைப் பார்க்கக் கேமராவே வேண்டாம், நாட்காட்டி போதும். 2025 ஏப்ரலில் வளர்பிறை அரைநிலா 5-ம் தேதி, தேய்பிறை அரைநிலா 21-ம் தேதி. பாதிக்கு மேல் ஒளிரும் நிலா வானில் இருந்தது 16 நாள். நவம்பர் பௌர்ணமிக்கோ வளர்பிறை அரைநிலா அக்டோபர் 29, தேய்பிறை அரைநிலா நவம்பர் 12. பதின்மூன்றரை நாளில் முடிந்துவிட்டது. கால் பகுதியை ஓட நவம்பர் 5 பௌர்ணமியிலிருந்து 6.7 நாள், அடுத்த கால் பகுதியை ஓடி அமாவாசைக்குப் போக 8 நாள். மாதத்தை நான்கு சம வாரமாக வெட்டிப் பழகிவிட்டோம், நிலா அப்படி வெட்டிக்கொள்வதில்லை. தூரத்தை அளக்க ஒரு லென்ஸும் இல்லாத ஒருவர், அரைநிலா நாட்களைக் குறித்து வைத்தே நிலாவின் பாதை வட்டமல்ல என்று கண்டுபிடித்துவிடலாம்.

வேகம் மாறுவதால் இன்னொன்றும் நடக்கிறது. நிலா தன்னைத் தானே சுற்றுவது ஒரே சீரான வேகத்தில், பூமியைச் சுற்றுவது சீரற்ற வேகத்தில். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் நிலா முகத்தைக் கொஞ்சம் திருப்பினாற்போல் தெரிகிறது. இதைக் காண கிரிசியம் கடலைவிட நல்ல அடையாளம் கிடையாது. வலது மேல் விளிம்போரம் தனியாகக் கிடக்கும் கருத்த முட்டை வடிவம் அது. ஜனவரி 13 பௌர்ணமிப் படத்தில் அதன் கரைக்கும் நிலாவின் விளிம்புக்கும் நடுவே 35 பிக்சல் அளவுக்கு வெளிர் நிலம் இருந்தது. அண்மைப் புள்ளி தாண்டி ஐந்து நாள் ஆன நிலா அது. செப்டம்பர் 7 படத்தில் சேய்மைப் புள்ளி தாண்டி ஒன்பது நாள். இடைவெளி பாதிகூட இல்லை, கடல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கோடாகிவிட்டது. எதிர்ப் பக்கம் கிரிமால்டி என்ற கரும் பள்ளம், விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்ற வாக்கியத்தை இனி முழுசாகச் சொல்ல என்னால் முடியாது.

செப்டம்பர் 7 என்றதும் கிரகணத்துக்கு வருவோம். மார்ச் 14-ன் முழு கிரகணம் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய்விட்டது. செப்டம்பர் 7-ன் முழு கிரகணம் ஆசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாவற்றுக்கும் கிடைத்தது. உலக நேரம் 16:27-க்கு நிழல் தொட்டது, 17:30-லிருந்து 18:52 வரை முழுமை, 82 நிமிடம். எனக்கு அன்று முழுமையைவிட அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் தேவை. நிலாவின் மேல் விழும் பூமி நிழலின் விளிம்பு ஒரு வில். அந்த வில்லுக்கு வட்டம் பொருத்தினால் நிழலின் அளவு கிடைக்கும். நிழல் ஓரம் கூர்மையாக இருக்காது, எந்த வெளிச்ச அளவை விளிம்பு என்று எடுக்கிறோமோ அதற்குத் தக்கபடி விடை நகரும். வெவ்வேறு படங்களில் நிழல் வட்டம் நிலாவைப் போல் 2.6-லிருந்து 2.8 மடங்கு வந்தது. அன்றைய தூரத்துக்குக் கணக்குச் சொல்வது 2.7 சொச்சம். இதையே வெறுங்கண்ணால் பார்த்து, பழங்கால கிரேக்க வானியலாளர்களில் அரிஸ்டார்கஸ் 2 என்றார், ஹிப்பார்கஸ் 2.5 என்றார், டாலமி 2.6 என்றார். அவர்கள் நிலாவின் தூரத்துக்குப் போன வழியும் இந்த நிழல்தான்.

முழுமையின்போது சிவப்பு வந்ததும் லென்ஸ் திணறியது. 293 மி.மீ.யில் வானம் ஒரு விநாடிக்கு ஐந்தரை பிக்சல் நகர்கிறது, தொடர்ந்து திரும்பும் ஏற்பாடு என்னிடம் இல்லை. எனவே கால் விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைக்க வழியில்லை. ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி, நிறையப் படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கித்தான் சிவப்பைக் காப்பாற்ற முடிந்தது. முழுமை தொடங்கும் முன்பும் முடியும்போதும் நிழல் ஓரத்தில் ஓடும் நீலப் பட்டை, மேல் வளிமண்டல ஓசோன் சிவப்பை விழுங்கி விட்டுவைத்த வெளிச்சம். அது படத்தில் அழகாக விழுந்தது, கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஏன் வருடத்துக்கு இரண்டு சமயம் மட்டும் கிரகணம் என்பதற்கும் படங்களிலேயே பதில் இருந்தது. நிலாவின் பாதை சூரியப் பாதைக்கு 5 டிகிரி சாய்வு. 2025-ல் நிலா மாதாமாதம் கார்த்திகைக் கூட்டத்தை உரசிக்கொண்டோ மூடிக்கொண்டோ போனது. அந்தக் கூட்டம் சூரியப் பாதைக்கு 4 டிகிரி வடக்கே இருக்கிறது, அதாவது நிலா அங்கே தன் வடக்கு எல்லையை ஒட்டிப் போகிறது. அங்கிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய கால் வட்டம் தள்ளித்தான் பாதைகள் வெட்டும் ராகு, கேது புள்ளிகள். மார்ச் கிரகணம் சிம்மத்தில், செப்டம்பர் கிரகணம் கும்பத்தில். பொருந்துகிறது. இந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்வதால் கிரகணப் பருவம் ஒவ்வொரு வருடமும் மூன்று வாரம் போல முன்னால் வரும். 2026-ல் பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட்.

தூரம் கிரகணத்தையே மாற்றிவிடும் என்பதற்கு 2024-ன் ஜோடியை மிஞ்சிய சாட்சி இல்லை. ஏப்ரல் 8, நிலா அண்மைப் புள்ளியைத் தாண்டிய மறுநாள், முழு சூரிய கிரகணம். அக்டோபர் 2, சேய்மைப் புள்ளியை அடைந்த அன்றே, கங்கண கிரகணம். நிலா சூரியனை மூடப் போதாமல் சுற்றிலும் நெருப்பு வளையம் நின்றது. 2026 ஆகஸ்ட் 12-க்கு அண்மைப் புள்ளி இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது, எனவே முழு கிரகணம்தான். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயினில் இருப்பவர்கள் பார்க்கலாம்.

டேப்பை இன்னும் பிரிக்கவில்லை. நவம்பரிலிருந்து 14 பௌர்ணமி தள்ளி, அதாவது 15 அண்மைப் புள்ளிகள் தள்ளி, 2026 டிசம்பர் 24-ல் மறுபடி இரண்டும் ஒன்றாக வருகின்றன, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அருகில். என் கணக்குப்படி 743-ஐத் தொட வேண்டும். அதற்குள் நிலாவின் மேல்-கீழ் தலையாட்டலைப் பிடிக்கப் பார்க்கிறேன். வடக்கே ப்ளேட்டோ பள்ளத்திலிருந்து விளிம்புக்கு உள்ள இடைவெளி, தெற்கே டைக்கோ பள்ளத்திலிருந்து உள்ள இடைவெளி, இரண்டையும் மாதம் முழுக்கக் குறித்தால் 6.7 டிகிரி ஆட்டம் கிடைக்க வேண்டும். கிரிசியம் அளவுக்குச் சுலபமாக இருக்காது, ப்ளேட்டோவின் மேல் வெளிச்சம் நேராக விழும் நாட்களில் விளிம்போர மலைகள் மங்கிவிடுகின்றன. அரைநிலாவிலிருந்து பௌர்ணமிக்கு நடுவே உள்ள நாட்களில் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.