ஸ்பீக்கருக்குப் போடுற பலகை

திருகோணமலையில ஒரு டிசைன் கடையில வேலை செய்றன். பகல்ல கல்யாண காட், திருவிழா பெனர் எண்டு போகும், சீசன் தொடங்கிட்டா உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்காரருக்கு பீச் பார்ட்டி போஸ்டரும் எல்ஈடி வோல்ல ஓடுற விசுவலும். வீல்செயார்ல இருந்துதான் எல்லாம். வேலைக்கு அது பிரச்சினையே இல்ல, மவுஸ் பிடிக்கக் கால் தேவையில்லைதானே.

பிரச்சினை இரவுலதான். மணல்ல வீல்செயாரின்ட முன் சில்லு ரெண்டும் புதைஞ்சிடும், ஆரும் பின்பக்கமாத் திருப்பி இழுத்தாத்தான் நகரும். ஆனா சவுண்ட் செட் பண்ற பெடியள் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியள உருட்டிக்கொண்டு போக ரோட்டில இருந்து மேடை வரைக்கும் பிளைவூட் விரிப்பாங்க, நானும் லப்டொப்ப மடியில வச்சுக்கொண்டு அதே பலகையால சுகமாப் போயிடுவன். செட்டிங் முடிஞ்சதும் வடிவில்லையெண்டு கழட்டிடுவாங்க, அதுக்குப் பிறகுதான் ஆக்கள் வரத் தொடங்குவாங்க. வீல்செயார்ல இருக்கிற உங்கட ஆக்கள் ஏன் தம்பி பார்ட்டிக்கு வாறதில்லையெண்டு ஒரு மனேஜர் என்னட்டயே கேட்டவர், நக்கலா இல்ல, உண்மையாவே தெரியாமத்தான். ஒருக்கா போஸ்டரில அடியில சின்னதா ‘வீல்செயார் போக பலகை வழி உண்டு’ எண்டு போட்டு அனுப்பினன். அப்பிடி ஒண்டு எங்களிட்ட இல்லையே எண்டு கோல் வந்தது. இருக்கு சேர், ஸ்டோருக்குள்ள சாத்தி வச்சிருக்கிறீங்கள் எண்டன்.

சட்டம் இல்லாமலும் இல்ல. 1996ல மாற்றுத்திறனாளிகளின்ட உரிமைக்கான 28ஆம் இலக்கச் சட்டம், 2006ல பொதுக் கட்டடங்களுக்குள்ள அவங்கள் போய்வாறதுக்கான ஒழுங்குவிதி, 2016ல மாற்றுத்திறனாளிகளின்ட உரிமைக்கான ஐநா சமவாயத்தையும் ஏற்றாச்சு. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளத்தில சாய்தளம் வேணும் எண்டது கணக்கு. இங்க சில இடத்தில இருக்கிறதுல பியர் பெட்டி ஏத்தலாம், மனிசன் ஏறேலாது. ரொய்லட் கதவு அதவிட ஒடுக்கம், அதால நிகழ்ச்சி இருக்கிற நாள்ல பின்னேரமே தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிடுவன்.

இங்கிலாந்தில பிரைட்டன் பக்கம் ஹெவி லோட் எண்டு ஒரு பங்க் பேண்ட் இருந்தது, அறிவுசார் குறைபாடு உள்ள ஆக்களும் சேர்ந்து வாசிச்ச பேண்ட். அதே மாதிரிக் குறைபாடு உள்ள ரசிகர்கள் ஒன்பது மணியானதும் எழும்பிப் போறாங்களே, ஏனெண்டு பார்த்தா உதவிக்கு வாற ஸ்டாஃபின்ட ஷிஃப்ட் பத்து மணிக்கு முடியுதாம். ஸ்டே அப் லேட், அதாவது இரவு கனநேரம் முழிச்சிருங்கோ எண்ட இயக்கம் அதிலதான் தொடங்கினது. எங்களுக்கு ஷிஃப்ட் ஸ்டாஃப் இல்ல, அம்மாவும் ஓட்டோ அண்ணையும்தான், ஆனா அதே பத்து மணிதான்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு பதில் கிடைச்சிட்டுது, லைவ் போடுறம் வீட்டில இருந்து பாருங்கோ எண்டு. சரி, அதையாவது ஒழுங்காச் செய்றாங்களா? கண் தெரியாத நண்பர் ஒருத்தர் போன் திரையில இருக்கிறத வாசிச்சுச் சொல்ற டோக்பேக்ல என்ட போஸ்டரத் திறந்தா ‘படத்தில் எழுத்து இருக்கலாம்’ எண்டு மட்டும்தான் சொல்லுதாம். கப்சன் எழுதினவங்களும் கடையில இருந்த பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட் எழுத்த அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டிருக்கிறாங்க, அது ஆங்கில எழுத்தா விழுந்து, போன் ஏதோ மந்திரம் மாதிரி வாசிக்குது. இப்ப யூனிகோட்ல அடிச்சு, படத்தில என்ன இருக்கெண்டு சொல்ற அல்ட் டெக்ஸ்ட்டும் எழுதித்தான் குடுக்கிறன், அதுக்குத் தனியா ஆரும் காசு தாறதில்ல. வலிப்பு வரக்கூடிய ஆக்களுக்காக விசுவலிலயும் ஒரு செக்கனுக்கு மூன்று தரத்துக்கு மேல வெளிச்சம் வெட்டாம வச்சிருக்கிறன். 1997ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிச்சு அறுநூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்கள், பெரும்பாலும் பிள்ளைகள். டீஜே பெடியனுக்கு இது விளங்காது, ‘அண்ணை, செத்த வீடு மாதிரிக் கிடக்கு’ எண்டான்.

லைவ் வேண்டாமெண்டு நான் சொல்லல்ல, வரவே ஏலாத ஆக்களும் இருக்கினம். ஆனா லைவ் இருக்குத்தானே எண்டு சொல்லிப் படிய அப்பிடியே விடுறதுதான் எரிச்சல். எங்களோட வயர் இழுக்க வாற காது கேளாத தம்பி ஒருத்தன் பேஸ் பெட்டியில உள்ளங்கைய வச்சுக்கொண்டு நிப்பான், பாட்டு மாறினா பக்கத்தில ஆடுறவங்களுக்கு முதல் அவன் கால் மாத்துவான். அவனுக்கு லைவ் லிங்க் அனுப்பினா சிரிக்கிற இமோஜிதான் திரும்பி வரும்.