சந்துக் கேட்டுக்குப் பூட்டு: வாடகைக்காரருக்கு வழி உண்டா, இல்லையா?

ஒருநாள் காலை சந்து முனையில் இரும்புக் கேட் முளைத்திருக்கும். மேலே ஒரு பலகை: "தனியார் வழி. வெளியாட்கள் வரக்கூடாது." நேற்றுவரை அந்த ஆறடிச் சந்து வழியாக இரண்டு நிமிடத்தில் பஸ் ஸ்டாப் போனவர்கள் இனி மெயின் ரோட்டைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். சண்டை தொடங்கிய சூட்டோடு அந்த வசனம் வந்துவிடும்: "நீங்க வாடகைக்கு இருக்கறவங்க, உங்களுக்கு என்ன உரிமை?" எதிர் வசனமும் தயாராக இருக்கும்: "பத்து வருஷமா இப்படித்தான சார் போறோம்!"

இரண்டும் சட்டத்தின் முன் நிற்காத பேச்சு. வழிப் பாத்தியம் ஆளோடு ஒட்டியதல்ல, நிலத்தோடு ஒட்டியது. நடப்பவர் சொந்த வீட்டுக்காரரா வாடகைக்காரரா என்பது கடைசிக் கேள்வி. சந்தின் மண் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. இதைப் பார்க்காமல் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்திப் பயனில்லை.

மண்ணைப் பார்க்க, தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண் கொடுத்து புல வரைபடத்தையும் (எஃப்.எம்.பி.) நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் எடுங்கள். நகர சர்வே ஆன இடமென்றால் நகர நில அளவைப் பதிவேடு, அதாவது டி.எஸ்.எல்.ஆர். சந்து தனி உட்பிரிவாக இருந்து, அ-பதிவேட்டில் சர்க்கார் புறம்போக்கு, பாதை அல்லது தெரு என்று இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது பொதுவழி. நேற்றுக் குடிவந்தவரும் நடக்கலாம், வழிப்போக்கரும் நடக்கலாம். கேட் போட்டவர் செய்திருப்பது ஆக்கிரமிப்பு. தாசில்தாரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். பொதுவழித் தடையை நீக்க, குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 152-ஆவது பிரிவின்படி (பழைய சி.ஆர்.பி.சி. 133) கோட்டாட்சியரிடமும் போகலாம்.

புல வரைபடத்தில் சந்து இல்லை என்பதால் மனம் தளர வேண்டாம். அது சர்வே உட்பிரிவுகளை மட்டுமே காட்டும். பிறகு மனை பிரித்தவர் விட்ட வழி பல நேரம் அதில் ஏறியிருக்காது. அதற்கு லேஅவுட் வரைபடம் வேண்டும். நகரமைப்பு அலுவலகங்களான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால், சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்கும். தாய் சர்வே எண்ணுக்கு (மனை பிரிப்பதற்கு முந்தைய எண்) வில்லங்கச் சான்று போட்டால் அந்தப் பத்திரத்தின் எண் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "இந்தச் சந்து பொதுவழியா?" என்று கேட்டால் "கோப்பில் தகவல் இல்லை" என்று வரும். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபட நகல், சாலைகளுக்கான தானப் பத்திர நகல், சாலைப் பதிவேட்டில் இந்தத் தெரு வரும் பக்கத்தின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிலுக்கு 30 நாள். அதற்குள் சந்தில் ஒருமுறை மெதுவாக நடந்து படம் எடுத்துவிடுங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண், பாதாளச் சாக்கடை மூடி, சிமென்ட் சாலை போட்டபோது வைத்த கல்வெட்டு எல்லாமே உள்ளாட்சி இதைத் தெருவாக நடத்தியதற்குச் சாட்சி.

சந்து பொது என்று தெரிந்துவிட்டால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தீர்மானம் வெறும் காகிதம். பல சங்கங்களில் சொந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே ஓட்டு. ஆனால் நூறு சதவீத ஓட்டு விழுந்தாலும் சங்கத்துக்குச் சொந்தமில்லாத தெருவைச் சங்கம் பூட்ட முடியாது.

அங்கீகாரமே இல்லாத பழைய மனைப்பிரிவில்தான் சிக்கல். சாலை நிலம் மனை பிரித்தவர் பெயரிலேயே கிடக்கும். முப்பது வருடம் கழித்து வாரிசுகள் வந்து அந்தச் சந்தையே ஒரு துண்டு மனையாக விற்பார்கள். இங்கே கைகொடுப்பது உங்கள் வீட்டு உரிமையாளரின் கிரயப் பத்திரம். சொத்து விவரத்தில் நான்கு மால் (நாற்புற எல்லை) எழுதிய இடத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். "இதற்கு மேற்கு: 8 அடி அகலப் பொதுப்பாதை" என்றோ, கடைசி வரியில் "மாமூல் வழிநடை பாத்தியங்கள் உட்பட" என்றோ இருக்கிறதா? பாதை என்று எல்லை காட்டி மனையை விற்றவரும் அவர் வாரிசும் பிறகு அது பாதையே இல்லை என்று சாதிப்பது கடினம். இரண்டு வரிகளில் முதலாவது வலுவானது. "மாமூல் வழிநடை" என்பது பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் சேர்க்கும் வாசகம். எந்த வழி என்று அது சொல்லாது.

மூன்றாவது வகை, பக்கத்து வீட்டுக்காரரின் பட்டா நிலத்திலேயே போகும் ஒற்றையடிப் பாதை. இங்கே 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம்தான் பேசும். வேறு வழியே இல்லாவிட்டால் அவசிய வழி கேட்கலாம் (பிரிவு 13). சுற்று வழி இருந்தால், அது எவ்வளவு நீளமானாலும், இந்த வாதம் எடுபடாது. குறுக்குவழிக்கு மிஞ்சுவது 15-ஆவது பிரிவு: இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, தகராறின்றி, தொடர்ச்சியாக, உரிமையாகவே அனுபவித்திருக்க வேண்டும்.

வாடகைக்காரர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு நிலத்துக்கான வழியுரிமையை அதன் உரிமையாளர் மட்டுமல்ல, அவர் சார்பாக அதை அனுபவத்தில் வைத்திருப்பவரும் சம்பாதிக்கலாம். ஆகவே ஒரே வீட்டில் மாறி மாறி இருந்த ஏழெட்டுக் குடித்தனக்காரர்கள் நடந்த நடையெல்லாம் வீட்டு உரிமையாளர் கணக்கில் சேரும். "வாடகைக்காரன் நடந்தால் கணக்கில்லை" என்பது தவறு. அதே சமயம் அந்த உரிமை உங்கள் சொந்தச் சொத்தும் அல்ல. அதனால் வெளியூரில் இருந்துகொண்டு ஜிபே-யில் வாடகை மட்டும் வாங்கும் உங்கள் ஓனர்தான் இந்த வழக்கின் நாயகர். அவர் பெயரில்லாமல் குடித்தனக்காரர் மட்டும் போட்ட வழக்குகள் நொண்டுவது இதனால்தான். முதல் போன் அவருக்குப் போகட்டும். வழி போனால் வீட்டின் வாடகையும் விலையும் குறையும் என்று சொன்னால் வருவார்.

சந்து உங்கள் ஓனரின் நிலத்திலேயே இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. ஒரே ஆளின் இரண்டு நிலங்களுக்கு நடுவே வழியுரிமை உருவாகாது. அங்கே வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்தது காலக்கெடு. மூன்று மாதம், ஓராண்டு, இரண்டாண்டு. வழியைப் பயன்படுத்தும் உரிமைத் தகராறில் அமைதி கெடும் நிலை என்றால் நிர்வாக நடுவர் பி.என்.எஸ்.எஸ். 166-இன்படி விசாரித்துத் தடையை விலக்கச் சொல்லலாம். ஆனால் வருடம் முழுக்க நடக்கும் பாதையானால், தகவல் அவருக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதில் நடந்திருக்க வேண்டும். பூட்டு விழுந்து நாலு மாதம் சமாதானம் பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். அடுத்து, தடை வந்தது தெரிந்தும் ஓராண்டு பொறுத்துப் போனால் இருபது ஆண்டுத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்வார்கள். கடைசியாக, அந்த இருபது ஆண்டு, வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டாண்டுக்குள் வந்து முடிய வேண்டும். ஆகவே பூட்டு விழுந்த வாரமே ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "இது சிவில் மேட்டர்" என்று சொல்வார்கள். அது ஓரளவு நியாயமும்தான்: தனியார் வழியை, தடுக்க உரிமை உண்டென்று நல்லெண்ணத்தோடு நம்பித் தடுத்தவர் மேல் வழிமறிப்புக் குற்றம் நிற்காது. ஆனால் ரசீதிலுள்ள தேதி பின்னால் பேசும். பூட்டை மட்டும் உடைக்காதீர்கள். உடைத்த நிமிடம் சிவில் மேட்டர் உங்கள் மேல் கிரிமினல் கேஸ் ஆகும்.

மனுவின் வாசகத்திலும் கண் வேண்டும். "தயவுசெய்து எங்களுக்கு வழிவிட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் ஊர் மரியாதை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. அனுமதியின் பேரில் நடந்தவர் உரிமையாக நடக்கவில்லை என்று ஆகிவிடும். "நீண்டகாலமாக உரிமையோடு அனுபவித்துவரும் வழியை மறித்திருக்கிறீர்கள், தடையை அகற்றவும்" என்று எழுதுங்கள். மரியாதையை முகவரியில் வைத்துக்கொள்ளலாம்.

இனி மறுதரப்பு. பூட்டுப் போடுபவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல. சந்தில் பைக் பறக்கிறது, ராத்திரியில் குடிக்கிறார்கள், ஜன்னலுக்கு இரண்டடியில் நின்று போன் பேசுகிறார்கள். சட்டமும் இதில் அவர்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. நடக்கும் பாத்தியத்தில் வண்டி ஓட்டும் பாத்தியம் அடங்காது. பைக் நிறுத்துவதும் குழாய் பதிப்பதும் அப்படியே. ஒரு குடும்பம் இருந்த வீட்டை இடித்து எட்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால், பாதையின் சுமையை அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டார்கள் என்ற வாதமும் செல்லும். நடக்கும் உரிமையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் தங்கள் பக்கத்து ஸ்கூட்டிகள் சந்தில் ஓடுவதைத் தடுக்க வேண்டும்.

பைக்கைத் தடுக்க கேட் எதற்கு? ஆனால் நடுவில் ஒரு கம்பி நடுவதும் உதவாது. பைக்கின் ஹேண்டில்பார் ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் அகலம், சக்கர நாற்காலியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நேரான இடைவெளியில் ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நிற்கும். வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது: பைக் இரண்டு மீட்டர், நாற்காலி சுமார் 1.2 மீட்டர். எனவே இடச்சுவரிலிருந்து ஒரு குழாய்த் தடுப்பு, அதைத் தாண்டி 1.5 மீட்டரில் வலச்சுவரிலிருந்து இன்னொன்று. ஒவ்வொன்றின் நுனியிலும் எதிர்ச்சுவர் வரை 900 மில்லிமீட்டர் விடுங்கள். ஆறடிச் சந்தில் இதற்கு இடம் இருக்கும். நாற்காலி வளைந்து போகும், பைக்காரர் இறங்கித் தள்ளினால்தான் உண்டு. நாலடிச் சந்தில் இது ஆகாது. அங்கே படி வைக்காமல் திட்டிவாசல் (ஆள் நுழையும் சிறு கதவு) வைத்த கேட்டுதான் வழி.

நேரம் குறித்துப் பூட்டுவதாகப் பேசினால், "காலை 6 முதல் இரவு 9" என்று எழுதிக் கையெழுத்தாகும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் வாரத்திலேயே பால்காரர் நாலரைக்கு வந்து நிற்பார், ஐ.டி. ஷிப்ட் முடித்தவர் இரண்டு மணிக்கு நிற்பார். சாவி ஆளுக்கொன்று கொடுத்தால் பதினோரு மாதத்துக்கொருமுறை குடித்தனம் மாறி, மூன்று வருடத்தில் எத்தனை சாவி வெளியே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நம்பர் பூட்டு என்றால், மாதம் ஒருமுறை எண்ணை மாற்ற ஒரு ஆளை முதலிலேயே பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஆட்கள் பெயரில் எழுதாமல் கதவு எண், சர்வே எண் போட்டு எழுதிப் பதிவு செய்தால்தான் நாளை வீட்டை வாங்குபவரையும் கட்டும். இப்படிப் பேசி முடிக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மனு கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது.

வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் "பின்னாடி சந்து வழியா ரெண்டே நிமிஷம் சார்" என்பார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரின் பத்திரத்தில் அந்தச் சந்து எந்த மாலில் வருகிறது என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் "பின்புறச் சந்தில் நடந்து செல்லும் பாத்தியம் உட்பட" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு அவர் தயங்கினால், வாடகையைச் சுற்று வழிக்கான விலையில் பேசுங்கள்.