அக்னி நட்சத்திரத்துல கேமராவ பூட்டி வைக்காதீங்க

பிப்ரவரி முடிஞ்சா போதும், நம்ம பக்கம் போட்டோ எடுக்கற நிறைய பேரு கேமராவ பீரோல வச்சு பூட்டிடறாங்க. வலசை வந்த வாத்தெல்லாம் கெளம்பிடுச்சு, இனிமே புதுச்சேரி பக்கத்துல இருக்கற நம்ம ஊசுட்டேரி ஏரில என்ன இருக்குன்னு கேக்கறாங்க. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்ல. விருந்தாளிங்க போனப்புறம் தான் நம்ம ஊரு பறவைங்களோட சீசனே ஆரம்பிக்குது.

மடையான்ங்கற கொக்க எடுத்துக்கோங்க. வருஷம் பூரா சேத்துக் கலர்ல வாய்க்கா ஓரம் நிக்கும், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆனா கூடு கட்டற காலம் வந்துட்டா முதுகெல்லாம் கருஞ்சிவப்பா மாறிடும், அது அப்படியே பறந்து வெள்ளை றெக்கைய விரிக்கறப்ப அதே பறவையான்னு இருக்கும். உண்ணிக்கொக்குக்கு தலை, கழுத்து, முதுகுல தங்கக் கலர் ஏறிடும். இதுங்கள எடுக்கறப்ப எக்ஸ்போஷர, அதாவது கேமராக்குள்ள விடற வெளிச்சத்த, ஒரு ஸ்டாப் கொறச்சுக்கோங்க, இல்லன்னா கோடை வெயில்ல வெள்ளை றெக்கை சுண்ணாம்பு பூசுன மாதிரி வெளுத்துப் போயி எறகோட வரி ஒண்ணு கூட தெரியாது.

நீல றெக்கை பனங்காடைக்கும் இப்ப தான் நேரம். பாகூர் பக்கம், கடலூர்ல வயக்காட்டுப் பக்கம் எல்லாம் மொட்டைப் பனை எங்க நிக்குதுன்னு பாத்து வச்சுக்கோங்க, அதோட பொந்துல தான் முட்டை வைக்கும். கரண்ட் கம்பில சும்மா உக்காந்திருக்கறத நூறு படம் எடுக்கறத விட, கெளம்பற அந்த ஒரு செகண்டுக்கு ஷட்டர் ஸ்பீட 1/2000க்கு மேல வச்சிட்டு காத்திருங்க, வெளிர் நீலம், கருநீலம் ரெண்டும் றெக்கைல தனித்தனியா விழும்.

ஆனா நான் மணிக்கணக்கா பாக்கறது ஆள்காட்டிய தான். வெறும் தரைல, கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை, கறுப்புத் திட்டு போட்ட மண் கலர்ல இருக்கும், காலடில இருந்தாலும் கண்ணுக்குப் படாது. உச்சி வெயில்ல அது முட்டை மேல நிக்கறது சூடு குடுக்க இல்ல, நெழல் குடுக்க. ஏரிக்குப் போயி வயித்து எறக நனைச்சுட்டு வந்து ஈரத்தோட முட்டை மேல உக்காரும், ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி. இத முழுசா ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா, கிட்ட போயி ஒரு க்ளோசப் எடுக்கலாம்னு மனசே வராது, ஏன்னா நாம அங்க நிக்கற வரைக்கும் அது கத்திக்கிட்டே சுத்தும், முட்டை வெயில்ல கெடந்து வேகும், மேல காக்கா வேற பாத்துட்டே இருக்கும். கார்ல இருந்தே எடுங்க, வண்டிக்கு அவ்வளவா பயப்படாது. மரத்துல இருக்கற பறவைக் கூட்ட மறைக்குதுன்னு கிளைய ஒடிக்கறவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வருது, அந்த இலை தான அதுங்களுக்குக் கூரை.

காலைல எட்டு மணிக்கு மேல தூரத்துப் பறவைய எடுக்காதீங்க. தரை சூடாகி கானல் எழும்பிடும், எவ்ளோ வெலை குடுத்து வாங்குன லென்சா இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும், அது போகஸ் பிரச்சனை இல்ல, நடுவுல இருக்கற காத்தோட பிரச்சனை. அதே மாதிரி ஏசி ரூம்ல இருந்து கேமராவ நேரா வெளிய எடுக்காதீங்க, நம்ம கடலோரக் காத்துல லென்ஸ் மேல பனி படிஞ்சிடும், பைய மூடி கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டு அப்புறம் தொறங்க.

பூ எடுக்கணும்னா கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுக்கு சூரியன் வர்றதுக்கு முன்னாடியே போயிடுங்க, மே மாசம் ஆறு மணிக்குள்ள உதிச்சிடும். மணல்ல படுத்துக்கிட்டு, அங்க படர்ந்திருக்கற அடம்புக் கொடியோட பூவ அது உசரத்துலயே, கடல பின்னாடி வச்சு எடுங்க. சூரியன் பின்னாடி வந்தா அந்த ஊதா இதழுக்குள்ள இருக்கற அடர்ந்த கோடெல்லாம் விளக்கு போட்ட மாதிரி தெரியும். ஒரு பூ ஒரு நாள் தான், மத்தியானம் போனா சுருண்டு கெடக்கும். சரக்கொன்றை எல்லாரும் எடுக்கறாங்க, சந்தோஷம். காயாங்கற நீலப் பூவ தான் யாரும் கண்டுக்கறதில்ல. புதுச்சேரில இருந்து ஈசிஆர்ல போனா கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்குல்ல, அந்த மாதிரி பழைய காட்டுல இலை இல்லாத கொம்பு மேலயே கொத்துக் கொத்தா நீலமா பூத்திருக்கும். சின்னப் பூவ கிட்டத்துல எடுக்கற மேக்ரோ லென்ஸ் இல்லன்னாலும் பரவால்ல, போன் போதும், காத்து நிக்கற வரைக்கும் கொஞ்சம் பொறுமையா இருங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு போங்க, அது சாமி காடு.